முதுகு காட்டும் காட்சிமுனைகள்

பிரிட்டனின் ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடங்களில் காட்சிமுனைக்கென்று தனிக் குறி ஒன்று உண்டு. நீல நிறத்தில் கதிர் விரிக்கும் குட்டிச் சூரியன். கதிர்கள் முழு வட்டமாக இருந்தால் அங்கே நின்று எல்லாத் திசையும் பார்க்கலாம். அரைவட்டம் என்றால் ஒரு பக்கம்தான். இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கும் நார்த் யார்க் மூர்ஸ் தேசியப் பூங்காவுக்கு இந்த வரிசையில் இரண்டு பெரிய தாள்கள். நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் என்ற கணக்கில் ஒவ்வொரு கற்சுவரும் ஓடையும் கைவிட்ட சுரங்கமும் அவற்றில் பதிவாகியிருக்கும். விடுமுறைக்குக் கார் எடுத்துக்கொண்டு அங்கே போகிறவர்கள் முதலில் தேடுவது அந்த நீலச் சூரியன்களைத்தான். நானும் தேடினேன். தேடத் தேட ஒன்று உறுத்தியது. பெயர்பெற்ற இடங்கள் பெரும்பாலும் மேட்டுநிலத்தின் ஓரத்தில், அல்லது அதை வெட்டிச் செல்லும் பள்ளத்தாக்குகளின் விளிம்பில் இருந்தன. கதிர்கள் வெளிப்பக்கம் பார்த்து விரிந்தன. மூரைப் பார்க்க வந்தவர்களை நிறுத்திவைக்கும் இடங்கள் மூருக்கு முதுகு காட்டிக்கொண்டு இருக்கின்றன.

இதில் சதி எதுவும் இல்லை, நிலத்தின் அமைப்பு அப்படி. மூர் மலையும் அல்ல, சமவெளியும் அல்ல. முந்நூறு, நானூறு மீட்டர் உயரத்தில் மேசைபோல் பரந்து கிடக்கும் மேடு. மேலே மரம் கிடையாது. முழங்கால் உயரத்துக்கு ஹெதர் என்னும் முறுகிய புதர், நடுநடுவே கோரை, அடியில் பீட் எனப்படும் கறுத்து ஊறிய மக்குமண். அந்த மேசையைத் தெற்கு வடக்காகக் கீறிக்கொண்டு ஃபார்ண்டேல், ரோஸ்டேல், வெஸ்டர்டேல் என்று பள்ளத்தாக்குகள் இறங்குகின்றன. பள்ளத்தாக்குகளில் பச்சை வயல், கல்வீடு, மாடு, மாதாகோவில். மேலே ஒன்றுமில்லை. இந்த மேட்டிலேயே மிக உயர்ந்த இடம் உர்ரா மூரில் இருக்கும் ரவுண்ட் ஹில், 454 மீட்டர். பெயரில் குன்று என்று இருந்தாலும் அகன்று பரந்த உச்சி அது. காலடியில் இறங்கும் பள்ளம் இல்லாததால் உயரத்தில் நிற்கிறோம் என்ற உணர்வே வருவதில்லை. அளவைக்காரர்கள் நட்ட கான்கிரீட் தூண் இல்லையென்றால் உச்சியைத் தாண்டிப் போய்விடுவோம். மிக உயர்ந்த இடம் மிக நல்ல காட்சிமுனை ஆகாது என்பதை இந்த மேடு முதல் நாளே சொல்லிவிடுகிறது.

காட்சிமுனை என்று உலகம் ஒத்துக்கொண்ட இடம் சட்டன் பேங்க். மேட்டின் தென்மேற்கு மூலை. தர்ஸ்க் ஊரிலிருந்து வரும் ஏ170 சாலை அங்கே நான்கடிக்கு ஓரடி என்ற செங்குத்தில் ஏறுகிறது; வீட்டுவண்டிகளை இழுத்துக்கொண்டு அதில் ஏற அனுமதி இல்லை. ஏறி முடித்ததும் இடது கைப்பக்கம் வண்டியை நிறுத்திவிட்டுச் சில நிமிடம் நடந்தால் நிலம் சட்டென்று முடிந்துவிடும். கீழே கோர்மயர் ஏரி. அதற்குள் வரும் ஓடையும் இல்லை, வெளியேறும் ஓடையும் இல்லை. அதற்கப்பால் யார்க் சமவெளி, கட்டம் கட்டமாக வயல்கள். வானம் தெளிந்த நாளில் அடிவானத்தில் பென்னைன் மலைத்தொடர். சுற்றுலாத் தட்டிகள் இதை இங்கிலாந்தின் மிகச் சிறந்த காட்சி என்கின்றன. ஜேம்ஸ் ஹெரியட் என்ற பெயரில் எழுதிய கால்நடை மருத்துவர் ஆல்ஃப் வைட் இதைப் பற்றி அப்படித்தான் சொல்லிவந்தார். அவர் வேலை பார்த்தது அடிவாரத்து தர்ஸ்கில். 1995இல் அவர் இறந்தபின் அஸ்தியை இந்த மேட்டில்தான் தூவினார்கள். காட்சி மேற்கு பார்த்தது, ஆகவே மாலையில் போக வேண்டும். காலையில் போனால் வெளிச்சம் தட்டையாக இருக்கும். வயல்களின் மேடுபள்ளம் தெரியாது. மாலையில் சூரியன் தாழ்ந்ததும் ஒவ்வொரு வேலிப்புதருக்கும் ஒரு நிழல் முளைக்கும், சமவெளிக்கு ஆழம் வந்துவிடும்.

ஆனால் ரொம்பத் தாமதமாகவும் போகக்கூடாது. வேர்ட்ஸ்வர்த் அப்படித்தான் மாட்டிக்கொண்டார். 1802 அக்டோபர் 4ஆம் தேதி பிராம்ப்டன் தேவாலயத்தில் மேரி ஹட்சின்சனைத் திருமணம் செய்துகொண்டு அன்றே புது மனைவியோடும் தங்கை டாரதியோடும் இந்த ஹாம்பிள்டன் மேட்டைக் குதிரைவண்டியில் கடந்தார். ஆசைப்பட்ட இடத்துக்கு வந்துசேரும்போது இருட்டிவிட்டது. கீழே ஒன்றும் தெரியவில்லை. அந்த அனுபவத்தை ஒரு சானெட்டாக எழுதினார். நிலம் கிடைக்காத கவிஞர் மேற்கு வானத்து மேகங்களைப் பார்க்கிறார். அவற்றில் ஓர் இந்தியக் கோட்டையும் கிரேக்கக் கோயிலும் கோபுரம் வைத்த தேவாலயமும் தெரிகின்றன. காட்சிமுனை பற்றி எழுதப்பட்டவற்றில் எனக்கு நேர்மையாகப் படுவது இந்தக் கவிதைதான். அங்கே போகிறவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் திரும்புகிறார்கள்: தேடி வந்த காட்சி அங்கே இல்லை, மனதில் இருந்ததை மேகத்தில் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இந்தியாவையே காணாத மனிதர் யார்க்‌ஷர் மேகத்தில் இந்தியக் கோட்டையைப் பார்த்தார் என்றால், அது அவர் கூடவே கொண்டுவந்த கோட்டை.

ஓரிடத்தில் நின்றுதான் நிலத்தைப் பார்க்க வேண்டும் என்ற பழக்கத்துக்கு அதிக வயதாகவில்லை. 1778இல் தாமஸ் வெஸ்ட் என்ற பாதிரியார் ஏரி மாவட்டத்துக்கு ஒரு வழிகாட்டி நூல் எழுதினார். இந்த மரத்தடியில் நில், இந்தப் பாறைமேல் ஏறு, இங்கிருந்து ஏரி இப்படித் தெரியும் என்று இடங்களைக் குறித்துக்கொடுத்தார். அவற்றுக்கு ஸ்டேஷன் என்று பெயர் வைத்தார். அன்றைய பயணிகள் கையில் கிளாட் கண்ணாடி ஒன்றும் இருக்கும். சற்றே குவிந்த, கருமை பூசிய சிறு கண்ணாடி. கிளாட் லொரைன் என்ற ஓவியரின் படங்களைப்போல் நிலத்தை மங்கலாக்கி, சுருக்கி, சட்டத்துக்குள் காட்டும். இதில் வேடிக்கை, அதில் பார்க்க வேண்டுமென்றால் காட்சிக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். செல்பி எடுக்கும் பிள்ளைகளைக் கிண்டல் செய்கிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளலாம். காரின் பக்கக் கண்ணாடியும் குவிகண்ணாடிதான். மூர் சாலைகளில் பல நேரம் நல்ல காட்சி அதற்குள்தான் கிடைக்கும். சாலை எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில்தான் பார்க்க விடுகிறது. மற்றது பின்னால் சுருங்கி ஓடுகிறது. ஒரே சாலையில் போகவும் வரவும் ஓட்டிப் பார்க்கச் சொல்வது இதனால்தான். அவை இரண்டு சாலைகள்.

இந்தப் பழக்கத்தை ஆங்கிலேயர்கள் நம் மலைகளுக்கும் கொண்டுவந்தார்கள். கொடைக்கானலில் மலைச்சரிவை ஒட்டி லெப்டினன்ட் கோக்கர் 1872இல் அமைத்த நடைபாதை இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. நீண்டகாலமாக அங்கே பளியரும் புலையரும் வாழ்ந்தார்கள். அவர்களுக்குத் தேன் எடுக்கும் பாறை தெரியும், யானை வரும் தடம் தெரியும். நின்று பார்ப்பதற்கென்றே ஓர் இடம் வெள்ளைக்காரர் வந்தபின் உண்டானது. சங்கப் பாடல்களிலும் நிலம் இப்படிக் காட்சியாக விரிவதில்லை. திணையைச் சொல்ல வந்தால் அங்கே உள்ள பறவை எது, பூ எது, சனங்கள் என்ன தொழில் செய்கிறார்கள், என்ன உண்கிறார்கள் என்று கருப்பொருள்களாக அடுக்குவார்கள். அந்தக் கணக்கில் மூருக்குப் பூ ஹெதர், பறவை சிவப்பு குரூஸ், விலங்கு ஆடு, தொழில் மேய்ச்சலும் சுரங்கமும் வேட்டையும். சட்டன் பேங்க் விளிம்பில் நிற்கிறவருக்கு இவற்றில் ஒன்றும் கண்ணில் படாது. அவர் பார்ப்பது மருதம்.

கிழக்குப் பக்கம் பிக்கரிங்கிலிருந்து விட்பிக்குப் போகும் ஏ169 சாலையில் ஹோல் ஆஃப் ஹார்கம் வருகிறது. பெரிய கிண்ணம், நூற்றிருபது மீட்டர் ஆழம், ஒரு கிலோமீட்டருக்கு மேல் அகலம். வடக்கு நோக்கிப் போகும்போது சாலை மேட்டின்மேல் சலிப்பாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று இடது பக்கத் தரை காணாமல் போகும். அங்கும் நம் ஊரைப்போல் இடதுபக்க ஓட்டம் என்பதால் ஓட்டுநருக்கு அடுத்த இருக்கையில் இருப்பவருக்கே அந்த அதிர்ச்சி சொந்தம். வண்டி நிறுத்துமிடம் சாலைக்கு மறுபக்கம். இறங்கி, அறுபது மைல் வேகத்தில் வரும் வண்டிகளுக்கு இடையே சாலையைக் கடந்துதான் விளிம்புக்கு வர வேண்டும். காலையில் வாருங்கள், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், எதிர்ச்சரிவு முழுக்கத் துலங்கும்.

கிண்ணம் எப்படி வந்தது என்பதற்கு இரண்டு கதைகள். வேட் என்ற அரக்கன் மனைவி பெல்லோடு சண்டை போட்டுக் கைநிறைய மண்ணை அள்ளி அவள்மேல் வீசினான். அள்ளிய இடம் இந்தக் கிண்ணம், குறிதவறி விழுந்த மண் சற்றுத் தள்ளியிருக்கும் பிளேக்கி டாப்பிங் குன்று. இன்னொரு கதை புவியியலாளர்களுடையது. மேலே நீரை உள்ளே விடும் மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும், அடியில் நீரை விடாத களிமண். இறங்கிய நீர் களிமண்ணில் தடுக்கப்பட்டுச் சரிவின் பக்கவாட்டில் ஊற்றுகளாகக் கசிகிறது. கசியும் இடத்தில் அடிப்பகுதி கரைய, மேலே உள்ளது சரிகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படிக் கரைந்து கரைந்து ஒரு குறுகிய பள்ளத்தாக்கு கொப்பரை ஆயிற்று. இன்றும் கரைந்துகொண்டிருக்கிறது. அரக்கன் கதைக்கு ஒரு நிமிடம் போதும். ஊற்றின் கதை புரிய வேண்டுமானால் சரிவில் பாதிதூரம் இறங்கி, காலணி ஈரமாகும் கோட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். விளிம்பில் நின்று அதைப் பார்க்க முடியாது.

ஹார்கமைத் தாண்டி வடக்கே போனதும் வலது பக்கம் ஹெதருக்கு நடுவே தலை வெட்டிய பிரமிடு ஒன்று எழுந்து நிற்கும். ஜன்னல் இல்லை, அலங்காரம் இல்லை. ஃபைலிங்டேல்ஸ் விமானப்படைத் தளம். கண்டம்விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை சோவியத் பக்கமிருந்து கிளம்பினால் முன்கூட்டியே அறிவதற்காக 1963இல் செயல்படத் தொடங்கியது. அப்போது அங்கே இருந்தவை மூன்று பெரிய வெள்ளைக் கோளங்கள். கோல்ஃப் பந்துகள் என்று ஊர்க்காரர்கள் செல்லமாக அழைத்தார்கள். சுற்றுலாப் பயணிகள் நிறுத்திப் படம் எடுத்தார்கள். எச்சரிக்கை வந்தால் மக்களுக்கு மிஞ்சும் நேரம் நான்கு நிமிடம் என்பது அந்தக் காலத்துப் பேச்சு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோளங்கள் போய் இந்தப் பிரமிடு வந்தது. மூன்று முகங்கள், மூன்றும் சேர்ந்து முந்நூற்றறுபது பாகையையும் சுழலாமலே பார்க்கின்றன. ஏறத்தாழ ஐயாயிரம் கிலோமீட்டர் தொலைவுவரை எட்டும் கண்.

முழு வட்டக் கதிர் விரிக்கும் குறியை அந்த மேட்டில் ஒரே ஓர் இடத்துக்குப் போட வேண்டுமென்றால் நான் இதற்குத்தான் போடுவேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. உயரமான, மறைப்பில்லாத, குடியிருப்பில்லாத இடத்தை ராணுவம் தேடியது; சுற்றுலாப் பயணி தேடுவதும் அதையேதான். அவர்களுக்கு முன்னாலும் தேடியிருக்கிறார்கள். வெண்கலக் கால மனிதர்கள் இறந்தவர்களைப் புதைத்து மேலே எழுப்பிய மண்மேடுகள் இந்த நிலமெங்கும் தொடுவானக் கோட்டில் நிற்கின்றன. கீழே பள்ளத்தாக்கில் வாழ்கிறவர் நிமிர்ந்து பார்த்தால் மூதாதை தெரிய வேண்டும் என்று எண்ணி வைத்தார்களோ என்னவோ. அந்த மேடுகளில் ஒன்று லில்லா ஹோ. 626ஆம் ஆண்டு நார்தம்ப்ரிய அரசன் எட்வினைக் கொல்ல நஞ்சு தோய்த்த ஆயுதத்தோடு ஒருவன் வந்தபோது குறுக்கே பாய்ந்து குத்தை வாங்கிச் செத்தவன் லில்லா. அவன் நினைவு என்று சொல்லப்படும் கற்சிலுவை, அவனுக்கு ஈராயிரம் ஆண்டு மூத்த அந்த மண்மேட்டின்மேல் நிற்கிறது. ஏவுகணையை எதிர்பார்த்திருக்கும் பிரமிடு அதற்கு அருகில்தான். ஆபத்தை முதலில் கண்டவனுக்கும் ஆபத்தை முதலில் காண வேண்டிய இயந்திரத்துக்கும் ஒரே மேட்டில் இடம் கிடைத்திருப்பதை எந்தத் தகவல் பலகையும் சேர்த்துச் சொல்லவில்லை.

மேட்டின் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் ஹட்டன் லே ஹோலிலிருந்து காசில்டனுக்குப் போகும் பிளேக்கி ரிட்ஜ் சாலையில் போக வேண்டும். ஒரு பக்கம் ஃபார்ண்டேல், மறுபக்கம் ரோஸ்டேல். நடுவே முதுகெலும்புபோல் சாலை. வேலி கிடையாது. ஆடுகளுக்கு எல்லையைத் தாய் ஆடு சொல்லிக்கொடுத்திருக்கிறது; தலைமுறை தலைமுறையாக ஒவ்வொரு மந்தையும் தன் பகுதியை விட்டுப் போகாது. சாலையும் அந்தப் பகுதிக்குள் அடக்கம் என்பதால் தார் சூட்டில் படுத்துக் கிடக்கும். ஹாரன் அடித்தால் நிமிர்ந்து பார்க்கும், எழுந்திருக்காது. நான் போனபோது வண்டியை ஓட்டியவன் லீட்ஸில் வேலை செய்யும் என் அக்கா மகன். "மாமா, நீங்க நல்லாப் பாருங்க. எனக்கு இந்த ரோட்ல ஆடும் சரிவும்தான் தெரியுது" என்றான். உண்மைதான். கார்ப் பயணத்தில் காட்சிக்காக எல்லாவற்றையும் ஏற்பாடு செய்கிறவர் ஒருவர், காட்சியைப் பார்க்கிறவர் வேறொருவர். ஓட்டுகிறவருக்குக் கிடைப்பது நிறுத்தும் இடங்கள் மட்டும். காட்சிமுனை என்ற ஏற்பாடே ஓட்டுநருக்குக் கொடுக்கும் சம்பளம் என்று எனக்குத் தோன்றியது.

ஆகஸ்டில் போகிறவர்களுக்கு மேடு முழுக்க ஊதாவாக இருக்கும். நாட்காட்டிகளிலும் பிஸ்கட் டப்பாக்களிலும் வருவது அந்த மூன்று நான்கு வாரம்தான். மற்ற மாதங்களில் மேடு பழுப்பு. பூக்கும் நாட்களில் தேனீ வளர்ப்பவர்கள் கூடுகளை வண்டியில் ஏற்றி மேலே கொண்டுவந்து வைக்கிறார்கள். ஹெதர் தேன் பாகாக ஓடாது. களிபோல் உறைந்து நிற்கும். மற்ற தேனைப்போல் சுழற்றி எடுக்க முடியாமல் அடையைப் பிழிந்து எடுக்கிறார்கள். ரொட்டியில் தடவினால் லேசான கசப்பு. காட்சியைவிட இந்தக் கசப்பு எனக்கு நிலத்தைப் பற்றி அதிகம் சொன்னது.

ஊதாவைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அது ஒரே சீராக இல்லை என்பது தெரியும். ஒட்டுப்போட்ட துணிபோல் நீள நீளப் பட்டைகள்: ஒன்று உயர்ந்து அடர்ந்தது, ஒன்று கணுக்கால் உயரம், ஒன்று கரிந்து கிடப்பது. எல்லாம் குரூஸ் பறவைக்காக. அது இளம் ஹெதர்த் துளிரைத் தின்னும், முதிர்ந்த ஹெதருக்குள் ஒளியும். ஆகவே வேட்டைக் காவலர்கள் குளிர்காலத்தில் சிறு சிறு பட்டைகளாக எரித்து, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றிவருவதுபோல் வைத்திருக்கிறார்கள். ஆழமான பீட் நிலத்தில் எரிப்பதற்கு 2021இல் சட்டம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பறவையை இவ்வளவு பேணுவது சுடுவதற்குத்தான். ஆகஸ்ட் 12 அன்று வேட்டைப் பருவம் தொடங்கும்; வரிசையாகக் கட்டிய கல்மறைவுகளில் துப்பாக்கியோடு நிற்பார்கள், எதிர்ப்பக்கமிருந்து ஆட்கள் பறவைகளை விரட்டிவருவார்கள். பயணி காட்டு அழகு என்று நினைத்துப் படம் எடுப்பது இந்தத் தோட்டத்தைத்தான். காடு இங்கே ஒரு காலத்தில் இருந்தது. வெண்கலக் காலத்திலிருந்து மரத்தை வெட்டி, மேய்த்து, எரித்து, மண் சத்திழந்து புளித்துப்போனபின் ஹெதர் குடியேறியது. எரிப்பதையும் மேய்ப்பதையும் நிறுத்தினால் பெரும்பகுதியில் புதரும் மரமும் திரும்பிவரும்.

இந்த வெறுமைக்குள் நுழைய எல்லோரையும் விட்டதும் இல்லை. தெற்கே பீக் மாவட்டத்தில் கிண்டர் ஸ்கவுட் என்ற மூர் இருக்கிறது. 1932 ஏப்ரல் 24ஆம் தேதி மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர் சில நூறு பேர் வேட்டைக் காவலர்களை மீறி அதில் ஏறினார்கள். ஐந்து இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். மூர்களில் தடம் விட்டு விலகி நடக்கும் உரிமை சட்டமாக வந்தது 2000ஆம் ஆண்டில். அதுவரை பல மூர்களில் சாதாரண மனிதருக்குச் சாலையும் பாதையும் மட்டுமே சொந்தம். காட்சிமுனைகள் ஏன் இப்படி ஓரங்களில் ஒதுங்கி நிற்கின்றன என்பதற்கு நிலத்தின் அமைப்பு ஒரு காரணம் என்று முதலில் சொன்னேன். உள்ளே வராதே என்று சொன்னவர்களும் ஒரு காரணம்.

பிளேக்கி ரிட்ஜில் லயன் இன் என்ற பழைய விடுதி இருக்கிறது, கடல் மட்டத்துக்கு 1,325 அடி உயரத்தில். அங்கே வண்டியை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினால் காலுக்குக் கீழே வருவது ஒரு ரயில்பாதை. தண்டவாளம் இல்லை. ரோஸ்டேலில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இரும்புத்தாது கிடைத்ததும் 1861இல் மேட்டின்மேல் ரயில் போட்டார்கள். பள்ளத்தாக்கில் இறங்காமல், சரிவின் ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஃபார்ண்டேலின் தலைப்பகுதியைச் சுற்றிப் போகிறது. 1926இல் சுரங்க வேலை நின்றது, 1929இல் ரயில் நின்றது. தாதுவை வறுத்த சூளைகளின் கல்வளைவுகள் சரிவில் இன்னும் நிற்கின்றன. எஞ்சினுக்காகக் கட்டிய உயரமான புகைபோக்கியை 1972இல் இடித்துவிட்டார்கள். மூன்றடிக்கு ஓரடி ஏறும் மலைச்சாலைக்குச் சிம்னி பேங்க் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஏற்றத்தின் மேலிருந்து ரோஸ்டேல் முழுக்கத் தெரியும், வழிகாட்டி நூல்கள் எல்லாம் பரிந்துரைக்கும். ஆனால் எனக்குப் பிடித்தது இந்தப் பாழான ரயில்பாதை. தாதுவண்டிக்காகப் போட்டதால் மூச்சு வாங்காது. ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தாக்கு கொஞ்சம் திரும்பிக் காட்டும். ஒரு பக்கம் வயல், மறுபக்கம் ஹெதர்ச் சரிவு; இரண்டும் சந்திக்கும் கற்சுவர் கண்ணுக்கு நேரே ஓடும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் என்ன உறவு என்பது விளிம்பில் நின்றால் புரியாது, இந்த நடுமட்டத்தில் நடந்தால்தான் புரிகிறது. நின்று பார்ப்பதற்காக யாரும் இதை அமைக்கவில்லை என்பதும் எனக்குப் பிடித்த காரணங்களில் ஒன்று.

1955இல் பில் கௌலி என்ற விவசாயி ஒரு சவால் விட்டார்: மேற்கே ஆஸ்மதர்லியிலிருந்து கிழக்கே கடலோரத்து ரேவன்ஸ்காருக்கு மேட்டின் முதுகிலேயே நாற்பது மைலை இருபத்துநான்கு மணி நேரத்தில் நடந்து கடக்க முடியுமா? ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். பாதி வழியில் இருட்டு, சேறு, திசை தெரியாத சமம். காட்சி என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. முடித்தவர்களுக்குச் சவப்பெட்டி வடிவத்தில் ஒரு சின்னம் கொடுத்தார்கள். யார்க்‌ஷர்க்காரர்களின் நகைச்சுவை அந்த நிறத்தில்தான் இருக்கும்.

கடல் பக்கத்திலே இருப்பதால் கிழக்குக் காற்று வீசினால் வெயில் காலத்திலும் கடல்மூட்டம் ஏறிவரும். அதற்கு உள்ளூர்ப் பெயர் ஃபிரெட். நிமிடங்களில் மேடு காணாமல் போகும். சாலைச் சந்திப்பில் நிற்கும் யங் ரால்ஃப் என்ற கற்சிலுவைக்கு அப்போதுதான் அர்த்தம் வருகிறது. ஏறத்தாழ ஒன்பதடி உயரம். பூங்காவின் சின்னமாக இதைத்தான் வைத்திருக்கிறார்கள். வசதியுள்ள பயணி அதன் உச்சிக் குழியில் காசு வைத்துவிட்டுப் போவான், இல்லாத பயணி எடுத்துக்கொள்வான் என்பது பழைய வழக்கம். மூட்டத்திலும் பனியிலும் வழி தவறாமல் இருக்க நட்ட கல் அது. பார்ப்பதற்கான இடமாக அல்ல, பார்க்கப்படுவதற்காக நின்றது. இப்போது அதன் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, அதற்கு முதுகைக் காட்டி வெஸ்டர்டேலைப் பார்க்கிறோம்.

யார்க் நகருக்குத் தெற்கே, சட்டன் பேங்கிலிருந்து பார்த்த அதே சமவெளியில், எஸ்க்ரிக் என்று ஓர் ஊர். அங்கே மாளிகை வைத்திருந்த குடும்பத்தின் மூன்றாம் வென்லாக் பிரபு 1891 முதல் 1896 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தார். ஊட்டியில் வென்லாக் டவுன்ஸ் என்ற புல்வெளிக்கு அவர் பெயர். ஆறாவது மைல், ஒன்பதாவது மைல் என்று படப்பிடிப்பு மேடுகளாக நமக்குத் தெரிந்த அதே இடம். ஆங்கிலேயர்கள் நீலகிரியைப் பார்த்ததும் தங்கள் ஊரை நினைத்துக்கொண்டார்கள். யார்க்‌ஷரில் வேலியோரம் மஞ்சளாகப் பூக்கும் முட்புதரான கார்ஸையும் அதன் உறவான புரூமையும் கொண்டுவந்து நட்டார்கள். இன்று இரண்டும் சோலைப் புல்வெளியை விழுங்கும் களைகள். மரம் இல்லாத நிலம் வீணான நிலம் என்று சீகையும் தைலமரமும் பைனும் வரிசை வரிசையாக நட்டதும் அதே மனநிலை. சொந்த ஊரிலும் அவர்கள் அதைச் செய்தார்கள். நார்த் யார்க் மூர்ஸின் தெற்கு ஓரத்தில் டால்பி காட்டை 1921இல் நடத் தொடங்கினார்கள். ஊசியிலை மரங்கள் இன்று மேட்டின் விளிம்பை மூடி நிற்கின்றன. தோடரின் எருமைக்கு அந்தப் புல் எவ்வளவு தேவை, குரூஸுக்கு ஹெதர் எவ்வளவு தேவை என்பது ஓரத்தில் நின்று தூரத்தைப் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாது. வெறுமையாகத் தெரிந்த நிலத்தை நிரப்பிவிடலாம் என்று தோன்றுவதற்குக் காட்சிமுனையில் நின்று பழகிய கண் ஒரு காரணமோ என்று நான் சந்தேகப்படுகிறேன். நிரூபிக்க முடியாது.

இதையெல்லாம் அக்கா மகனிடம் சொல்லிப் பார்த்தேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. சட்டன் பேங்க்தான் பெஸ்ட் என்கிறான். கழிவறை இருக்கிறது, டீ கிடைக்கிறது, நடக்க முடியாதவர்களையும் விளிம்புவரை கூட்டிப்போகலாம், இதைவிட என்ன வேண்டும் மாமா என்று கேட்கிறான். ஊரிலிருந்து வரும் மாமனார் மாமியாரை அங்கேதான் கூட்டிப்போகப் போகிறானாம். முழங்கால் வலிக்காரர்களை ரயில்பாதையில் நடக்கச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. நான்கு மணிக்கு மேல் போ, இருட்டுவதற்குள் போய்ச் சேர் என்று மட்டும் சொன்னேன்.